கம்பி போனது, எண் இருக்கிறது



உங்களில் பலருடைய வீட்டில் இப்போது தரைவழித் தொலைபேசி இருக்காது. தாத்தா வீட்டுக் கூடத்தில், ஒரு சிறு மேசைமேல், பூப்போட்ட துணி மூடி வைத்திருந்ததைப் பார்த்திருக்கலாம். பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு அது 1994-ம் ஆண்டு வந்தது. என் தந்தையார் விண்ணப்பித்து ஆறு ஆண்டுகள் காத்திருந்தார். அன்று கிடைத்தது ஐந்து இலக்க எண். பின்னர் அதன் முன்னால் ஒரு 2 சேர்ந்து ஆறு இலக்கம் ஆயிற்று. எங்கள் உறவினர் அனைவருக்கும் அந்த எண் மனப்பாடம். என் தாயாருக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்ணும் அது ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தொலைபேசியை எடுத்துவிடலாம் என்று நான் முடிவு செய்தேன். மழை பெய்தால் கரகரவென்று இரைச்சல். அதே கம்பி வழியாக வந்த இணையமும் நத்தை போல் நகர்ந்தது. எனக்கு வேண்டியவை மூன்று: செம்புக் கம்பி போக வேண்டும்; இணையம் இருக்க வேண்டும்; எண் மாறக் கூடாது. விசாரித்தேன். கம்பிக்குப் பதிலாக ஒளியிழை தருகிறோம், எண் அப்படியே இருக்கும் என்றார்கள். மகிழ்ச்சியோடு வீட்டில் சொன்னேன். என் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, கரண்டு போனா அது பேசுமா?"

இருபது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். டெல்டா மாவட்டத்து மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. தென்னைகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. எங்கள் வீட்டு இன்வர்ட்டர் முதல் நாள் மாலையோடு ஓய்ந்தது. எங்கள் தெருவில் எந்தச் செல்பேசியிலும் ஒரு கோடுகூட இல்லை. ஆனால் கூடத்து மேசைமேல் இருந்த பழைய தொலைபேசியின் ரிசீவரை எடுத்தால் 'கொர்ர்' என்ற டயல் டோன்! சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு, உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்ல, தெருவே எங்கள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

ஊரில் மின்சாரமே இல்லாதபோது அந்தத் தொலைபேசிக்கு மட்டும் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

இருபத்து நான்கு மின்கலங்கள்

பழைய தொலைபேசியைச் சுவரில் உள்ள மின்செருகியில் யாரும் செருகியதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரம் பேச்சு வரும் அதே கம்பி வழியாக வந்துவிடும். எக்ஸ்சேஞ்ச் என்று எல்லோரும் அழைக்கும் தொலைபேசி இணைப்பகத்தில் பெரிய பெரிய காரீய-அமில மின்கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 வோல்ட். 24 மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட். மின்வாரியத்தின் மின்சாரம் அந்த மின்கலங்களை மின்னேற்றம் செய்துகொண்டே இருக்கும். அது நின்றுபோனால் டீசல் மின்னாக்கி ஓடும். அதுவும் நின்றால் மின்கலங்கள் தாமே சமாளிக்கும். வீட்டுத் தொலைபேசிக்கு இவை எதுவுமே தெரியாது.

ஒரு சிறு கணக்குப் போடலாம். வீடு இணைப்பகத்திலிருந்து 2 கிலோமீட்டர் தொலைவில் இருக்கட்டும். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கம்பிகள். ஆக 4 கிலோமீட்டர் செம்பு. கம்பியின் விட்டம் 0.4 மில்லிமீட்டர் என்றால் அதன் மின்தடை ஏறக்குறைய 550 ஓம். இணைப்பகத்தில் உள்ள சுருள்களின் தடை 400 ஓம், தொலைபேசியின் தடை 250 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1200 ஓம். 48 வோல்ட்டை 1200-ஆல் வகுத்தால் 0.04 ஆம்பியர், அதாவது 40 மில்லி ஆம்பியர். நீங்கள் பேசும்போது இணைப்பகம் செலவிடும் திறன் 2 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. ரிசீவரைக் கீழே வைத்துவிட்டால் சுற்று துண்டிக்கப்படும். கம்பியில் மின்னோட்டம் அநேகமாகப் பூச்சியம். எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

எங்கள் வீட்டில் மல்ட்டிமீட்டர் வைத்து அளந்தேன். ரிசீவர் கீழே இருக்கும்போது 49 வோல்ட். எடுத்தவுடன் 10 வோல்ட்டுக்குச் சரிந்தது. மீதி அழுத்தம் எங்கே போயிற்று என்பதை மேலே உள்ள கணக்கிலிருந்து நீங்களே கண்டுபிடிக்கலாம். இதை உங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். மணி அடிக்கும் நேரத்தில் அதே கம்பியில் 75 வோல்ட்டுக்கு மேற்பட்ட மாறுமின்னழுத்தம் வரும்; கையை உதற வைக்கும்.

போகிற போக்கில் இன்னொன்று. இந்த 48 வோல்ட்டில் நேர்முனையைத்தான் பூமியோடு இணைத்திருப்பார்கள். கம்பிக்கு வருவது எதிர்முனை. ஏன் தெரியுமா? மின்பகுப்பில் நேர்முனைத் தகடுதான் கரைகிறது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? மண்ணுக்குள் ஈரத்தில் கிடக்கும் கம்பியின் உறை எங்காவது கிழிந்து மின்சாரம் கசிந்தாலும், எதிர்முனையில் இருக்கும் செம்பு கரையாது. உங்கள் பாடப் புத்தகத்துச் செய்தி ஒன்று தெருவுக்கு அடியில் நூறு ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருந்தது!

ஒரு கம்பி, இரண்டு சரக்கு

பேச்சு வந்த அதே செம்புக் கம்பியில் இணையமும் வந்தது என்றேன். இரண்டும் எப்படிக் கலக்காமல் வந்தன?

தொலைபேசியில் மனிதக் குரலுக்கு ஒதுக்கிய இடம் 300 ஹெர்ட்சிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலே கம்பி காலியாகக் கிடந்தது. பொறியாளர்கள் ஏறக்குறைய 25 கிலோஹெர்ட்சிலிருந்து 1100 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் இணையத் தகவலை ஏற்றினார்கள். பேருந்தின் உள்ளே ஆட்களும் கூரைமேல் மூட்டைகளும் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டி தாழ்ந்த அதிர்வெண்களைத் தொலைபேசிக்கும் உயர்ந்தவற்றை மோடத்துக்கும் பிரித்து அனுப்பும்.

அப்படியானால் பேச்சை மட்டும் இறக்கிவிட்டு, அதே கம்பியில் இணையத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியாதா? முடியும். அமெரிக்காவில் அப்படித் தனி இணையமாகவே விற்றார்கள். ஆனால் அதில் ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. இணைப்பகத்திலிருந்து உங்கள் வீடுவரை கம்பி ஒரே துண்டாக வருவதில்லை. வழியில் பல இடங்களில் முறுக்கி இணைத்திருப்பார்கள். அந்த மூட்டுகளில் நாளடைவில் ஆக்சைடு படலம் படியும். ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் பாயும் 40 மில்லி ஆம்பியர் அந்த மெல்லிய படலத்தை உடைத்து, மூட்டைத் தொடர்புள்ளதாக வைத்திருக்கும். பேச்சை நீக்கி 48 வோல்ட்டையும் எடுத்துவிட்டால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை; மூட்டுகள் மெல்லக் கெட்டு இணையமும் தடுமாறும். ஆகவே யாரும் பேசாத அந்தக் கம்பியிலும் சிறு நேர்மின்னோட்டம் ஒன்றைச் செலுத்தும் ஏற்பாடு செய்தார்கள். பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'நனைக்கும் மின்னோட்டம்'. தண்ணீருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எண் என்பது ஓர் இடமாக இருந்த காலம்

இனி எண்ணைப் பார்ப்போம். கம்பியை எடுத்துவிட்டால் எண் மட்டும் எப்படி நிற்கும்? நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்டிருந்தால் எந்த லைன்மேனும் சிரித்திருப்பார்.

அமெரிக்காவில் கான்சாஸ் நகரில் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திவந்தார். அவருடைய போட்டியாளரின் மனைவி தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து, இவருக்கு வரும் அழைப்புகளைத் தம் கணவருக்குத் திருப்பிவிட்டார் என்று வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ஆபரேட்டரே வேண்டாம் என்று ஸ்ட்ரௌஜர் ஒரு தானியங்கி இணைப்புக் கருவிக்கு 1891-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1892-ல் இண்டியானா மாநிலத்து லா போர்ட் என்ற ஊரில் முதல் தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் சிம்லாவுக்கு அது 1913-14-ல் வந்தது.

அந்த வழியில் வளர்ந்த கருவியில் ஒரு தண்டு உண்டு. அதைச் சுற்றிப் பத்து அடுக்குகள்; அடுக்குக்குப் பத்து உலோக முனைகள். நீங்கள் 4 சுழற்றினால் தண்டு நான்காவது அடுக்குக்கு டக் டக்கென்று ஏறும். அடுத்து 7 சுழற்றினால் அந்த அடுக்கில் ஏழாவது முனைக்குத் திரும்பும். அந்த முனையில் பற்றவைத்த கம்பிதான் 47-ம் எண் வீட்டுக்குப் போகும் கம்பி. ஆகவே 47 என்பது பெயரன்று, ஓர் இடம். திரையரங்கில் இருக்கை எண் போல. இருக்கையை விட்டு எழுந்து அதன் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியுமா? வேறு இணைப்பகத்தின் எல்லைக்குக் குடிபோனவர்கள் புது எண் வாங்க வேண்டியிருந்தது இதனால்தான்.

பிறகு கணிப்பொறி இணைப்பகத்துக்குள் புகுந்தது. நம் நாட்டில் 1984-ல் தொடங்கிய சி-டாட் அமைப்பு, தூசும் வெயிலும் தாங்கும் சிறிய மின்னணு இணைப்பகத்தை உருவாக்கியது. அதன் 128 இணைப்புக் கொண்ட கிராமப்புற வடிவம் 1986-ல் கர்நாடகத்துக் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. மின்னணு இணைப்பகங்களில் ஏறி இறங்கும் தண்டு இல்லை. நினைவகத்தில் ஓர் அட்டவணைதான். இந்த எண்ணுக்கு இந்தக் கம்பி என்று ஒரு வரி எழுதியிருக்கும். வரியின் வலப்பக்கத்தை அழித்து வேறு எழுதினால் அதே எண் வேறு கம்பிக்குப் போய்விடும். எண் இடமாக இருந்தது போய்ப் பெயராகிவிட்டது.

அந்த அட்டவணையைப் பல நிறுவனங்கள் பார்க்கும்படி பொதுவில் வைத்தால், நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. அமெரிக்காவில் 1996-ம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் தரைவழி எண்களுக்கு இதைக் கட்டாயம் ஆக்கியது. நம் நாட்டில் செல்பேசி எண்களுக்கு 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடு முழுவதற்கும் வந்தது.

கண்ணாடி வழியே வரும் குரல்

எங்கள் வீட்டுக்கு ஒளியிழை வந்த நாளைச் சொல்கிறேன். இழையின் கண்ணாடி, தலைமயிர் அளவு பருமன்; ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி செல்லும் நடுப்பகுதி அதிலும் மிக மெல்லியது. ஒளி அதற்குள் முழு அக எதிரொளிப்பு அடைந்து வளைந்த பாதையிலும் வெளியே சிந்தாமல் போகிறது என்று வகுப்பில் படம் வரைந்திருப்பீர்கள். போகும் தகவலுக்கு ஓர் அலைநீளம், வரும் தகவலுக்கு வேறொன்று. இரண்டும் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று இழையின் முனைக்குள் எட்டிப் பார்த்துவிடாதீர்கள். விழித்திரைக்கு அது ஆபத்து.

உங்கள் குரலின் அலையை ஒரு நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 இலக்கமுள்ள இரும எண்ணாக எழுதினால் நொடிக்கு 64,000 பிட். அதை ஒரு நொடியில் ஐம்பது பொட்டலங்களாகக் கட்டி, இணையத் தகவலோடு தகவலாக அனுப்பிவிடலாம். குரலுக்கென்று தனிக் கம்பி இல்லை, தனி அதிர்வெண் பட்டையும் இல்லை. வீட்டில் வைத்த பெட்டி, இணைப்பகத்தின் கணிப்பொறியிடம் அவ்வப்போது ஒரு செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்: 'இந்த எண் இப்போது என்னிடம் இருக்கிறது, இதோ அதற்கான கடவுச்சொல்.' அழைப்பு வந்தால் கணிப்பொறி அட்டவணையைப் பார்த்து அந்தப் பெட்டிக்கு அனுப்புகிறது. எண் எங்களிடம் நிற்பது இவ்வளவு மெல்லிய நூலில்தான்.

இதில் முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லலாம். பழைய இணைப்பை முதலில் ஒப்படைத்துவிட்டு, பிறகு புதியதற்கு விண்ணப்பித்தால் எண் போய்விடும். ஒப்படைத்த எண் அட்டவணையில் காலியிடமாகி, சில காலத்தில் வேறொருவருக்குப் போகும். மாற்றித் தரும்படி விண்ணப்பித்து, புதியது பேசத் தொடங்கிய பிறகே பழைய கம்பியை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பழைய தொலைபேசியைக்கூட மாற்றவில்லை. பெட்டியின் பின்புறத்தில் உள்ள துளையில் அதன் கம்பியைச் செருகினோம். டயல் டோன் வந்தது. அந்தச் சிறு பெட்டி தானே ஒரு குட்டி இணைப்பகமாகி, நேர்மின்னழுத்தத்தையும் மணியடிக்கும் மின்னழுத்தத்தையும் தயாரித்துக் கொடுக்கிறது. என் தங்கை திருச்சியிலிருந்து கூப்பிட்டாள். அதே எண், அதே மணி, முன்னைவிடத் தெளிவான குரல்.

என் தாயார் பேசி முடித்து ரிசீவரை வைத்தார். எழுந்துபோய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தார். ரிசீவரை எடுத்து என் காதில் வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

எட்டு இலட்சம் மடங்கு

ஒளியும் ஆற்றல்தானே, இழை வழியாகவே பெட்டிக்கு வேண்டிய திறனை அனுப்பினால் என்ன என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. இணைப்பகத்திலிருந்து கிளம்பும் ஒளியின் திறன் சில மில்லிவாட்தான். வழியில் அது முப்பது, அறுபது வீடுகளுக்குப் பிரிகிறது. வீட்டுக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. எங்கள் பெட்டி 12 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் எடுப்பதை அளந்தேன், அதாவது 8.4 வாட். வருவதைப் போல் எட்டு இலட்சம் மடங்குக்கு மேல்! செம்பு, செய்தியையும் சோற்றையும் ஒரே கையில் கொண்டுவந்தது. கண்ணாடி செய்தியை மட்டும் கொண்டுவருகிறது. சோறு நாம் போட வேண்டும்.

இது எங்கள் வீட்டுக் கவலை மட்டுமன்று. பிரிட்டனில் தனியாக வாழும் முதியோர் பலர் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். விழுந்துவிட்டால் அதை அழுத்தினால் போதும். தொலைபேசி இணைப்பின் வழியாக உதவி மையத்துக்கு அழைப்புப் போகும். நாடு முழுவதும் பழைய தொலைபேசி முறையை நிறுத்துவதற்கு 2025 முடிவு என்று குறித்திருந்தார்கள். மாற்றியபோது சில வீடுகளில் அந்தப் பொத்தான்கள் வேலை செய்யாமல் போயின. 2024-ல் அந்த நாளை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். தரைவழித் தொலைபேசியையே நம்பியிருப்பவர்களுக்கு, மின்சாரம் நின்றாலும் ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு செய்ய நிறுவனமே வழி செய்ய வேண்டும் என்பது அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்பின் விதி.

ஒரு மணி நேரம்! கஜாவைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

இன்வர்ட்டரில் பெட்டியை இணைத்தால் தீராதா? தீரும், மின்விசிறிகளை யாரும் போடாவிட்டால். தவிர, 12 வோல்ட்டை 230 வோல்ட் மாறுமின்னழுத்தமாக்கி, அதை மறுபடியும் 12 வோல்ட்டாக்குவது, கிணற்றிலிருந்து மாடிக்கு நீரேற்றி மாடியிலிருந்து கிணற்றடிக்கே இறக்குவது போன்ற வேலை. இன்வர்ட்டர் சும்மா ஓடுவதற்கே எங்கள் பெட்டியைவிட அதிகத் திறன் செலவாகலாம். ஆகவே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றை, மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் சிறு சுற்றோடு, பெட்டிக்கு நேராக இணைத்தேன். 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. 8.4-ஆல் வகுத்தால் 10 மணி நேரம். காகிதத்தில் பத்து, காரீய-அமில மின்கலத்தை அடிவரை காலி செய்யக் கூடாது என்பதால் நான் எதிர்பார்த்தது ஏழு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்சாரத்தை நிறுத்திச் சோதித்தேன். ஏழு மணி பத்து நிமிடம் பேசியது. பெருமையோடு சொன்னேன்.

"புயல் ஏழு மணி நேரத்துலயா ஓய்ஞ்சுச்சு?" என்றார் என் தாயார்.

மறுபடியும் காகிதத்தை எடுத்தேன். மொட்டைமாடியில் 20 வாட் சூரியத் தகடு ஒன்று. நல்ல வெயிலில் நாளைக்கு நான்கு மணி நேரம் முழுத் திறன் என்று கொண்டால் 80 வாட்-மணி. பெட்டி நாள் முழுவதும் ஓட ஏறக்குறைய 200 வாட்-மணி வேண்டும், போதாது. ஆனால் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மட்டும் ஓடினால்? 17 வாட்-மணிதான். மூன்று நாள் வெயிலே வராவிட்டாலும் மின்கலத்தில் மிச்சம் இருக்கும். பழைய தொலைபேசி ரிசீவரை எடுக்கும்போது மட்டும் மின்சாரம் எடுத்துக்கொண்டதே, அந்தச் சிக்கனத்தை இப்போது நாங்கள் கையால் செய்கிறோம். சமையலறை நாட்காட்டியின் மேல் என் தாயார் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'கரண்டு இல்லேன்னா காலை 7 – 8, சாயந்தரம் 6 – 7'. உறவினர் அனைவருக்கும் தொலைபேசியில் அதைச் சொல்லியும் வைத்திருக்கிறார்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. இணைப்பகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒளியைப் பிரிக்கும் கருவிக்கு மின்சாரமே வேண்டாம். அந்த வகையில் நன்று. ஆனால் எங்கள் செம்புக் கம்பி மண்ணுக்கு அடியில் வந்தது. ஒளியிழை கம்பத்துக்குக் கம்பம் தாவி, எதிர்வீட்டுத் தென்னையை உரசிக்கொண்டு வருகிறது. அந்தத் தென்னை கஜாவில் தப்பிய மரம். மழைக்காலம் தொடங்கினால் என் தாயார் வாசலில் நின்று அதை ஒரு முறை அண்ணாந்து பார்க்கிறார். நானும் பார்க்கிறேன்.